வாரத் தலைப்பும் நம்ம தோட்டமும்

திங்கட்கிழமை தலைப்பு வரும். ஒரு வாரம் "வட்டம்", ஒரு வாரம் "கதவு", இன்னொரு வாரம் "காத்திருப்பு". ஞாயிறு இரவுக்குள் அந்தத் தலைப்புக்கு நீங்கள் எடுத்த ஒரே ஒரு படத்தைக் குழுவில் ஏற்ற வேண்டும். பழைய படம் செல்லாது, அந்த வாரத்திலேயே எடுத்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் இயங்கும் வாரப் படக் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை விதி இவ்வளவுதான். '52ஃபிரேம்ஸ்' குழு ஆண்டு முழுக்க இப்படி நடத்துகிறது. ஃபிளிக்கரில் உள்ள 'மேக்ரோ மண்டேஸ்' குழுவுக்குக் கூடுதலாக ஒரு விதி உண்டு: படத்துக்குள் அடங்கும் காட்சியின் அகலம் மூன்று அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தமிழிலும் இது புதிதல்ல. 2000-களின் பிற்பகுதியில் 'தமிழில் புகைப்படக்கலை' என்ற குழு மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டி நடத்தியது.

இந்த அத்தியாயம் பேரா மாநிலத்தில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர், தாப்பா, தெலுக் இந்தான் என்று எங்கே இருந்தாலும் சரி. அப்பாவோ பாட்டியோ ஏதோ ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. கேமரா எதுவானாலும் பரவாயில்லை, கைப்பேசி போதும்.

தலைப்பு எதற்கு?

தோட்டத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று முடிவுசெய்து கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இடிந்த லயம், கூரையைப் பிளந்து வளர்ந்த செடி, சுருக்கம் விழுந்த பாட்டி முகம். எல்லாம் கறுப்பு வெள்ளையில். அடியில் "மறைந்துவரும் தோட்ட வாழ்க்கை" என்று ஒரு வரி. பார்ப்பவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அந்தப் படத்தில் தோட்டம் இல்லை. தோட்டத்தைப் பற்றி நாம் ஏற்கெனவே பாடிப் பழகிய ஒப்பாரிதான் இருக்கிறது.

வாரத் தலைப்பு இதிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது. தலைப்பைக் கொடுப்பவர் எங்கோ இருக்கிறார், கித்தா மரத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். அவருக்கு நம் சோகம் தெரியாது. "மூன்று" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். இப்போது மரத்தடியில் நின்று மூன்றைத் தேட வேண்டும். கித்தா இலையை எடுத்துப் பாருங்கள், ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். காயை எடுங்கள், மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. சிறுவயதில் அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைத்தவர்களில் எத்தனை பேர் காயின் அறைகளை எண்ணியிருப்பார்கள்? "வட்டம்" என்றால் பால் மங்கு, ஆட்டுக்கல்லின் குழி, தண்ணீர்த் தொட்டி நின்ற இடத்தில் சிமெண்டில் பதிந்த கறை. "கோடு" என்றால் பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டு. தலைப்பு குறுகலாக இருக்க இருக்க அழுகைக்கு இடம் குறைகிறது, பார்வை கூர்மையாகிறது.

பேராவில் இந்தத் தேடலுக்குக் குறைவே இல்லை. 1877-இல் இங்கே வந்து இறங்கிய ஒன்பது கன்றுகளில் எஞ்சியது என்று சொல்லப்படும் கித்தா மரம், கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலிக்குள் இன்றும் நிற்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றன. தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன், சுங்கை சிப்புட்காரர். பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணத்துக்குப் போயின. பல இடங்களில் இன்று மிச்சம் இருப்பது செம்பனைக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி அல்லது அது இருந்த இடம், ஒரு கிணறு, எங்கும் ஏறாத நான்கு சிமெண்டுப் படிகள். திருவிழா அன்று மட்டும் கார்கள் வரிசை கட்டும். அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். வாரத் தலைப்பின் பலனே, திருவிழா இல்லாத சாதாரண புதன்கிழமையில் உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதுதான்.

வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

தலைப்பு வந்த அன்று கேமராவைத் தொட வேண்டாம். ஒரு தாளில், மனத்தில் பட்டதை எல்லாம் எழுதுங்கள், குறைந்தது பத்து. பிறகு முதல் மூன்றை அடித்துவிடுங்கள். அவை உலகத்தில் எல்லாருக்கும் தோன்றியவை. "கதவு" என்றால் ஈப்போவில் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது பழைய பட்டணத்துக் கடைவீட்டு மரக்கதவு, அடுத்தது லோரோங் பங்லிமா சந்து, அதற்கடுத்தது கெல்லி மாளிகையின் வளைவு வாசல். மூன்றும் நல்ல படம்தான், ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்த படம். நான்காவதாக எழுதியது என்ன என்று பாருங்கள். பள்ளிப் பேருந்தின் கதவாக இருக்கலாம். கதவு போன பிறகும் நிற்கும் நிலைப்படியாக இருக்கலாம். கோழிக்கூட்டுக் கதவாகக்கூட இருக்கலாம். அங்கேதான் உங்கள் படம் தொடங்குகிறது.

ஈப்போவின் சுவர் ஓவியங்களுக்கும் இதே எச்சரிக்கை. 2014-இல் எர்னெஸ்ட் சகாரெவிச் வரைந்த, கோப்பிக் குவளையோடு இருக்கும் முதியவர் அருமையான ஓவியம். ஆனால் அதைப் படம் எடுத்தால் அது அவருடைய படம். உங்கள் பங்கு சட்டகம் மட்டுமே. அந்தச் சுவருக்கு எதிரே, ஓவியத்தோடு படம் எடுக்க வரிசையில் நிற்கும் குடும்பத்தின் பக்கம் கேமராவைத் திருப்புங்கள். "காத்திருப்பு" தலைப்பு கிடைத்துவிடும்.

பட்டியல் தயாரானதும், வேலைக்கும் கடைக்கும் போகிற வழியில் எது இருக்கிறது என்று பாருங்கள். நாற்பது கிலோமீட்டர் போனால்தான் கிடைக்கும் என்றால் அந்த யோசனையை நோட்டில் எழுதி வைத்துவிட்டு அருகில் இருப்பதை எடுங்கள். வாரப் பழக்கத்தை உடைப்பது சோம்பல் என்பார்கள். நான் பார்த்தவரை அதைவிட அதிகம் உடைத்தது பேராசை. செவ்வாயும் புதனும் போகிற வழியில் கைப்பேசியில் ஒத்திகை, சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் நிதானமாக எடுப்பது, அன்றிரவே தேர்வு. இது போதும்.

தேர்வைத் தனியாகச் செய்யாதீர்கள். மூன்று படங்களாகக் குறைத்து, படம் எடுக்கத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். எதில் அவர் கண் அதிக நேரம் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

கெடு நேரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உலகப் பொது நேரப்படி ஞாயிறு நள்ளிரவு என்று விதி சொன்னால், நமக்கு அது திங்கள் காலை எட்டு மணி. ஓர் இரவு கூடுதலாகக் கிடைக்கிறது. அமெரிக்கக் குழுவென்றால் இன்னும் தாராளம்.

வெளிநாட்டுக் குழுக்களில் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரியில் "பனி", "குளிர்காலம்" என்று தலைப்பு வரும். நம்மவர்கள் உடனே பனிக்கட்டித் தட்டையும் ஐஸ் கச்சாங்கையும் எடுக்கிறார்கள். ஒரு தடவை சிரிக்கலாம். ஆனால் கித்தா மரத்துக்கும் இலை உதிரும் காலம் உண்டு. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், வறட்சியைப் பொறுத்து, இலைகள் செம்பும் மஞ்சளுமாக மாறிக் கொட்டும். மரங்கள் மொட்டையாக நிற்கும், பாலும் குறையும். கோலகங்சார், லெங்கோங், கிரிக் பக்கத்துச் சிறுதோட்டங்களில் இன்றும் பார்க்கலாம். "குளிர்காலம்" என்ற தலைப்பில் சிவந்த கித்தாக் காட்டைப் போட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். வெள்ளைப் பனியாகவே பார்த்துச் சலித்தவர்கள் நின்று பார்ப்பார்கள்.

வெளிச்சம்

பழைய தோட்டத்துக்காரர் யாராவது "ஆறரைக்கெல்லாம் வெளுத்துவிடும்" என்று சொன்னால் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். அவர் நினைவில் இருப்பது பழைய கடிகாரம். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னால் தள்ளிவைக்கப்பட்டது. இன்று ஈப்போவில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் உதிக்கிறது, நடுவானுக்கு வரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடுகிறது. ஆகவே படம் எடுப்பவருக்கு நல்ல காலை என்பது ஏழரையிலிருந்து ஒன்பது வரை. சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னாலிருந்து வெயில் இறங்க இன்னும் சற்று நேரமாகும். அந்தத் தாமதத்தில் பள்ளத்தாக்கில் நிற்கும் மூடுபனி "அடுக்குகள்", "தூரம்" போன்ற தலைப்புகளுக்கு வரம். மாலை நாலு மணியை நம்ப வேண்டாம், இடி இடிக்கும்.

பால் வெட்டுவதை எடுக்க வேண்டுமானால் இருட்டில் போக வேண்டும். குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் என்பதால் வெட்டு விடியுமுன் தொடங்குகிறது. நெற்றி விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். ஃபிளாஷ் அடிக்காதீர்கள். படமும் தட்டையாகிவிடும், உளி பிடித்திருப்பவர் கண்ணும் கூசும். நெற்றி விளக்கு பட்டையில் விழும் இடத்தில் குவியத்தை வைத்து, ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி, அவர் கை நிற்கும் கணத்துக்குக் காத்திருங்கள். ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் கை ஒரு கணம் நிற்கும்.

பால்தான் கடினமான பொருள். கறுத்த பட்டையில் வெள்ளைக் கோடு. கேமரா பட்டையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பால் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கைப்பேசியில் பால் இருக்கும் இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள், பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் என்றால் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒரு படி குறையுங்கள். பட்டை இருண்டு போனாலும் கவலை இல்லை, பாலின் தடிப்பும் பளபளப்பும் தெரிந்தால் போதும். மழை பெய்தால் வெட்டு கிடையாது. தண்ணீர் பட்டையில் வழிந்து பாலோடு கலந்துவிடும். ஆகவே முந்தின இரவு மழையென்றால் நேரே உறங்கப் போகலாம்.

செம்பனைக்கு வேறு முறை. மட்டைகள் மேலே மூடிக்கொள்வதால் உள்ளே இருட்டு, நடுநடுவே கத்திபோல் வெயில். பதினொரு மணிக்கு அதை எடுத்தால் புள்ளி புள்ளியாக வரும், ஒன்றும் புரியாது. மேகம் மூடிய நாளில் போங்கள். தரையில் குவித்திருக்கும் வெட்டிய மட்டைகளில் கை வைக்காதீர்கள். எலிக்காகப் பாம்பு வரும் இடம் அது.

குகைக் கோயில்களுக்கு முக்காலி வேண்டும், அதற்கு முன் அனுமதியும் வேண்டும். குன்றின் அடிவாரத்தில், தொங்கும் பாறைக்கு நேர் கீழே முக்காலியை நிறுத்தி நெடுநேரம் நிற்க வேண்டாம். 1973-இல் குனோங் சீரோவில் பாறை பெயர்ந்து ஒரு நீளவீட்டின் மேல் விழுந்து நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். சுண்ணாம்புக் குன்று அழகாக இருப்பதே அது தேய்ந்து உடைந்துகொண்டிருப்பதால்தான்.

கேட்டுவிட்டு எடுங்கள்

தோட்டம் தனியார் நிலம். அங்கேயே பிறந்தவராக இருந்தாலும் இன்று நீங்கள் வெளியாள். சடக்கில் நின்று எடுப்பது வேறு, நிரைக்குள் இறங்குவது வேறு. அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். காவல்காரரிடம் "ஐயா, இந்தத் தோட்டத்துல என் தாத்தா தண்டலா இருந்தாரு, கோயிலைப் பாத்துட்டு ரெண்டு படம் எடுத்துட்டு வந்துடறேன்" என்று உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

இன்று செம்பனையில் வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். ஒருகாலத்தில் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். கேமராவைக் கண்டு அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது, அனுமதி எப்போது முடிகிறது என்ற கவலையோடு இருப்பவரின் முகம் உலகம் முழுக்கப் பார்க்கும் இடத்தில் போவது அவருக்கு ஆபத்தாக முடியலாம். அவர் சிரித்துத் தலையாட்டினாலும் முகத்தை எடுக்காதீர்கள். கை, கருவி, நிழல், உழைத்த காலணி, இவற்றிலேயே போதுமான படம் இருக்கிறது. வாரத் தலைப்பு "முகம்" என்றால் வீட்டுக்கு வாருங்கள், உங்கள் அம்மா இருக்கிறார்.

நம் பெரியவர்களிடம் கேட்கும் முறை வேறு. "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் உடனே உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து விறைத்து நிற்பார். அந்தப் படத்தை முதலில் எடுங்கள், மறுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது அதுதான், அச்சிட்டுக் கொடுக்கவும் வேண்டும். பிறகு உட்கார்ந்து மங்கு கழுவியதையும் காண்டாவில் வாளி தூக்கியதையும் கேளுங்கள். பேச்சில் கை எழும். உங்கள் படம் அப்போது கிடைக்கும்.

தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் கேமராவோடு வருகிறவர்கள் கூட்டமே ஒரு திருவிழா. அலகு குத்தும் நேரத்தில் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுவது எந்தத் தலைப்புக்கும் தேவையில்லாத காரியம். எலுமிச்சையின் மஞ்சள், நனைந்த வேட்டி, காவடி இறக்கிய பிறகு தம்பிக்குத் தண்ணீர் ஊற்றும் அக்கா, இவற்றுக்குப் போட்டி குறைவு.

இதே வரிசையில் ஓர் இடம் சொல்கிறேன். பத்து காஜா சாலையில் கெல்லி மாளிகைக்கு அருகே ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பரவிய நச்சுக் காய்ச்சலில் மாளிகை கட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் வில்லியம் கெல்லி ஸ்மித் அந்தக் கோயிலைக் கட்டிக் கொடுத்தார் என்பது ஊர் வரலாறு. தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஓர் ஆள் நிற்கிறார், அவர்தான் கெல்லி ஸ்மித். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை முடியாமலே நின்றது. சுற்றுலாப் பயணிகள் மாளிகையை எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். "அந்நியன்", "தொப்பி", "கடன்", எந்தத் தலைப்பு வந்தாலும் கோயில் பக்கம் போங்கள்.

குழுவுக்குள்

ஒரு படம் போட்டால் குறைந்தது ஐந்து பேர் படத்துக்கு எழுதுங்கள். "அருமை", "சூப்பர் அண்ணே", கைகூப்பிய குறி, இவை எழுத்தே அல்ல. கண் முதலில் எங்கே போனது, எது அதைத் தடுத்தது, எதை வெட்டியிருக்கலாம் என்று மூன்று வாக்கியம் எழுதினால், எழுதப்பட்டவரைவிட எழுதியவருக்கே பலன் அதிகம். அடுத்த வாரம் உங்கள் சட்டகத்தின் மூலையில் நிற்கும் பிளாஸ்டிக் நாற்காலி தானாகவே கண்ணில் படும்.

விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் படம் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் இரண்டு மாதத்தில் எல்லாரும் சூரிய அஸ்தமனத்துக்கு வந்து சேர்வீர்கள். குழுவின் பொறுப்பாளர் நீங்கள் என்றால் எண்ணிக்கையை மறைக்க வழி உள்ள தளத்தைத் தேர்ந்தெடுங்கள். புலனத்தில் இருபது பேர் கொண்ட குழு நடத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் படம் போட வேண்டும் என்று விதி வையுங்கள். முன்னால் வந்த படத்தைப் பார்த்து எடுக்கும் பழக்கம் நின்றுவிடும்.

உள்ளூர்த் தலைப்புகளையும் நாமே தரலாம்: பெரட்டு, சடக்கு, ஒட்டுப்பால், மதியச் சோறு, சம்பள நாள், ஐந்தடி. ஒட்டுப்பால் என்ற தலைப்புக்கு ஒரு மாணவர் எதை எடுத்துவருவார் என்பதைப் பார்க்கும் ஆவலுக்காகவே ஒரு குழு நடத்தலாம்.

வெளிநாட்டுக் குழுவில் போடும் படத்துக்கு விளக்க வரி தேவை. மங்கு என்றால் என்ன, ஏன் மரத்தில் கட்டியிருக்கிறது என்று இரண்டு வரி. மூன்றாவது வரி எழுதினால் படம் பாடமாகிவிடும். அதே படத்தை உங்கள் பழைய தோட்டத்துக்காரர்களின் புலனக் குழுவில், விளக்கமே இல்லாமல் போட்டுப் பாருங்கள். "இது ரெண்டாம் நம்பர் ஸ்டோர் படிக்கட்டு", "இல்ல, ஆயாக் கொட்டகைப் படி" என்று வாக்குவாதம் தொடங்கும். இரண்டு பக்கமும் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்துக்கு வேண்டிய உண்மையான விளக்கம் அங்கேதான் கிடைக்கிறது.

வைத்துக்கொள்வது

நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி முழுக்க ஆவி படியும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தேதி, வாரத் தலைப்பு, தோட்டத்தின் பதிவுப் பெயர், அதோடு நம்மவர்கள் அழைத்த பெயர். பத்தாங்கட்டைத் தோட்டம் என்றால் அதையும் எழுதுங்கள். கம்பெனி கைமாறும்போது பலகையில் உள்ள பெயர் மாறிவிடும், கட்டைக் கணக்கு தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோயில், பள்ளி, கிணறு போன்ற இடங்களின் படங்களை, ஆள் முகம் இல்லாதவையாகப் பார்த்து, விக்கிமீடியா பொதுவகத்தில் தமிழ் விளக்கத்தோடு ஏற்றலாம். உரிமம் என்ன என்று படித்துவிட்டு ஏற்றுங்கள், ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. மூலப் படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டு வட்டில். மற்றொன்றை வேறு வீட்டில் இருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ கொடுத்து வையுங்கள், அவர்களும் பார்க்கட்டும்.

ஒரு வாரம் தவறிவிட்டால் அடுத்த வாரம் இரண்டு படம் போட்டு ஈடுகட்ட முயல வேண்டாம். தவறியது தவறியதாகவே இருக்கட்டும், திங்கட்கிழமை வேறு தலைப்பு வந்துவிடும்.